கடைசி வரியை நீ போடு

அவரைக்கொட்டைக் குழம்பு கொதித்து அடங்குகிற நேரத்தில் நாலாம் வீட்டு அக்கா வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிடுவாள். நான் மூன்றாம் வீடு. நடுவில் ஒரு சுவர்தான். "புள்ள, கொஞ்சம் வந்துட்டுப் போ" என்பாள். போனால் கரண்டியை என் கையில் கொடுத்து, "உப்பு நீ போடு" என்பாள். கொட்டை உரித்தது, மசாலை அரைத்தது, தாளித்தது எல்லாம் அவள். உப்பை மட்டும் போட மாட்டாள். சரியாக இருந்துவிட்டால், "மூணாம் வீட்டுக்காரி கை ராசியான கை" என்று தன் வீட்டுக்காரரிடம் சொல்லுவாள். கரித்துவிட்டால், "நான் என்னா பண்ணட்டும், அவ போட்ட உப்பு" என்று சிரித்துக்கொண்டே அவரிடம் சொல்லுவதும் சுவர் வழியாகக் கேட்கும். எனக்கும் சிரிப்புதான் வரும். கோபம் வந்ததில்லை.

ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஐந்து வீடு கொண்ட லைன் அது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த எண்பதுகளின் கடைசி. நான் வேப்பனப்பள்ளிப் பக்கம், மாந்தோப்புகளில் கூலிக்குப் போன குடும்பம். கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். அக்கா சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். உயரம். நடக்கும்போது ஒரு தோள் முன்னால் போகும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர் மாதிரி வரும். ஆனால் எந்த பாஷையில் பேசினாலும் முக்கியமான இடத்தில் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பாள். மீதியை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், "நீயே சொல்லிட்ட பாரு" என்பாள்.

எனக்கு அந்நிய ஆள் முன்னால் பேச்சு வராது. அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். அக்கா பக்கத்தில் இருந்தால் மட்டும் எப்படியோ ஒரு வார்த்தை வந்துவிடும். அது அவள் செய்கிற வித்தை என்று அவள்மேல் எனக்கு அத்தனை பிரியம்.

ஒரு கோடையில் லைன் ஓனர் பொதுக் குழாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார். காலை ஷிப்டுக்குப் போகிற எங்களுக்குத் தண்ணீர் இல்லை. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் தெலுங்குக்காரர். அவரிடம் தெலுங்கிலேயே பேசினாள். அண்ணா, உங்கள் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று தொடங்கி, குழாய் பஞ்சாயத்துக் குழாய்தானே, நாங்களும் பஞ்சாயத்துக்கு உட்பட்டவர்கள்தானே என்று ஒவ்வொரு படியாக ஏறினாள். அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். "அப்ப அந்தப் பூட்டு..." என்று நிறுத்திவிட்டு அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"பூட்ட எடுத்துருங்க" என்றேன் நான்.

எடுத்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து ஒரு வருடம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. என் வீட்டுக்காரரிடம், "உம் பொஞ்சாதிக்கு வாய் ஜாஸ்தி" என்றாராம். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டு, "இவளுக்கா? வாயே இல்லன்னு சொல்லித்தான கட்டி வச்சாங்க" என்றார். அக்காவிடம் மட்டும் ஓனர் எப்போதும்போல நின்று பேசுவார். அவர் தோட்டத்துப் பப்பாளி கூட நாலாம் வீட்டுக்குப் போகும். அக்கா அதில் பாதியை அறுத்து எனக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். அதையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் காயில் சுற்றினோம். முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியை மிஷினில் சுற்றி எடுத்து டப்பாவில் அடுக்க வேண்டும். சுற்றுக் குறைந்தாலும் கம்பி அறுந்தாலும் அது ரிஜெக்ட். சிவப்புத் தட்டில் போட வேண்டும். ஷிப்டு முடிவில் எத்தனை தேறியது, எத்தனை ரிஜெக்ட் என்று ஒரு சிலிப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த சிலிப்பை எங்கள் பெஞ்சில் நான்தான் எழுதுவேன். என் எழுத்து உருண்டை உருண்டையாக இருக்கும். ஐந்தாவது வரை படித்த பள்ளியில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர் அதற்குத்தான். எங்கள் ஊரில் ஐந்தாவதுக்கு மேல் வகுப்பு இல்லை.

மூன்று வருடமாக டெம்பரரி. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நிறுத்துவார்கள், பத்து நாள் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். அந்தப் பத்து நாளும் சம்பளம் கிடையாது.

ஐப்பசியில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். மூன்று வருட சர்வீஸ் உள்ளவர்களுக்கு மாசியில் ஒரு டெஸ்ட். பாஸானால் பர்மனென்ட். பத்தாவது படித்திருக்க வேண்டும் என்று எழுதவில்லை. நான் இரண்டு தரம் படித்துப் பார்த்தேன், எழுதவேயில்லை. எல்லா ஊரிலும் உள்ள பிளாண்டுகளுக்கும் ஒரே பேப்பர், ஹெட் ஆபீசிலிருந்து சீல் வைத்து வருமாம். பதினைந்து கணக்கு. ஒவ்வொன்றுக்கும் நாலு விடை கொடுத்திருப்பார்கள், ஒன்றில் டிக் போட வேண்டும். எல்லாம் எக்ஸ் போட்ட கணக்கு என்று சொன்னார்கள். சான்றிதழ் கேட்காத ஒரு வாய்ப்பு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"எக்ஸ்னா என்னாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாதது" என்றாள் அக்கா. "அதக் கண்டுபுடிக்கணும். நான் சொல்லித் தர்றன், வா."

காலை ஷிப்டுக்கு ஐந்தரைக்கு பஸ் வரும். ஐப்பசிக்கு மேல் ஓசூரில் அந்த நேரத்துப் பனியில் எதிரே வருகிற ஆள் தெரியாது. பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வெள்ளையாக ஆவி படிந்திருக்கும். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து விரலால் அதில் எழுதினாள்.

"மூணு டப்பா இருக்குது. ஒண்ணொண்ணுலயும் எத்தன காயில்னு தெரியாது. ஆனா மூணுலயும் ஒரே எண்ணிக்க. வெளிய உதிரியா நாலு. எல்லாஞ் சேத்து முப்பத்திநாலு. உதிரிய எடுத்துடு."

"முப்பது."

"மூணு டப்பா முப்பது. அப்ப ஒரு டப்பா..." நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"பத்து."

"அப்ப கடைசி வரிய நீ போடு."

அவள் எழுதியதற்குக் கீழே பத்து என்று எழுதினேன். விரல் நுனி சில்லென்றது. தெரியாத ஒன்றை, தெரிந்ததை வைத்தே பிடித்துவிடலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மிஷினில் உட்கார்ந்த பிறகும் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன். எனக்கு என்னமோ ஆகிவிட்டதென்று பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கழித்தல் வந்தபோது தடுமாறினேன். "ரிஜெக்ட்னு நெனச்சுக்க" என்றாள் அக்கா. "அஞ்சு டப்பாவுல ஏழு ரிஜெக்ட்டாப் போச்சு. இந்தப் பக்கம் மூணு டப்பாவும் உதிரி ஒம்பதும். ரெண்டு பக்கமும் சமம். ரெண்டு பக்கத்துலயும் மூணு மூணு டப்பாவ எடுத்து ஓரமா வையி." வைத்தேன். இரண்டு டப்பாவில் ஏழு ரிஜெக்ட் போனால் ஒன்பது. ரிஜெக்ட்டைத் திருப்பிப் போட்டால் பதினாறு. ஒரு டப்பா எட்டு. கடைசி வரியை நானே போட்டேன்.

பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்த பெண்கள் விடுவார்களா. "ஏ, ஓரம் போங்கடி, மேனேஜரம்மா கணக்குப் போடறாங்க" என்பாள் ஒருத்தி. "கண்ணாடியத் தொடைக்காதடி, அதுலதான் அவங்க பர்மனென்ட் ஆர்டர் இருக்குது" என்பாள் இன்னொருத்தி. எனக்குக் காது சூடாகும். அக்கா திரும்பிப் பார்த்து, "வேணும்னா நீங்களும் வாங்கடி, கண்ணாடிக்கா பஞ்சம்" என்பாள். என் வீட்டுக்காரர் களியைப் பிசைந்துகொண்டே, "கம்பெனிய வெலைக்கு வாங்கப் போறியா?" என்று கேட்டார். ஆனால் மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் அலமாரியில் வைத்தார்.

எத்தனை கணக்குப் போட்டாலும் அக்கா ஒன்றிலும் விடையை எழுதி நான் பார்த்ததில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன். அவள் எஸ்.எஸ்.எல்.சி. மூன்று தரம் எழுதியவள். "மூணு தரமும் கணக்குலதான் போச்சு. எல்லாப் படியும் எழுதிடுவன். கடைசி வரியில கை நின்னுடும்" என்றாள்.

"ஏங்க்கா? அதான் தெரியுமே?"

"எழுதுனாத்தான தப்பாப் போவும்? எழுதாத வரைக்கும் தப்புன்னு ஒருத்தனும் சொல்ல முடியாதுல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை தெரிந்தவளுக்கு இப்படி ஒரு பயமா என்று பாவமாக இருந்தது. அவளுக்காகவாவது நான் கடைசி வரிகளை எல்லாம் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

டெஸ்ட் ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் சனிக்கிழமை மத்தியானம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உள்ளங்கைக்குள் மடித்த ஒரு சின்னத் தாள் இருந்தது. "பழைய புஸ்தகத்துலேர்ந்து முக்கியமான கணக்காப் பாத்துக் குறிச்சிட்டு வந்தன். என் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். நீ நல்லதா ஒரு தாள்ல எழுது" என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினைந்து கணக்கு. படிகளை அவள் வாயால் சொன்னாள். விடையை நான் போட்டு, வழக்கம்போல அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். ஒன்பதாவது கணக்கின்போது அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அதை நானே முழுக்கப் போட்டேன். ஐந்து என்று வந்தது. வட்டம் போட்டேன்.

முடித்ததும், "ஒரு தரம் பாத்துட்டுத் தர்றன்" என்று தாளை எடுத்துக்கொண்டு போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அப்போதுதான் ஒரு ஜெராக்ஸ் கடை திறந்திருந்தார்கள். அக்கா அங்கே போய் என் தாளைப் பல பிரதி எடுத்து வந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கேன்டீனில் பெஞ்சுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார வைத்தார்கள். சீலை எங்கள் கண் முன்னால்தான் உடைத்தார்கள். முதல் கணக்கைப் பார்த்தேன். நேற்று எழுதியது. அக்கா எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்தேன். இரண்டாவதும் நேற்று எழுதியது. மூன்றாவதும். நாலாவதும் அப்படியே வந்தபோது பென்சிலைக் கீழே வைத்தேன். ஹெட் ஆபீசிலிருந்து வந்த சீல், அக்காவின் உள்ளங்கைத் தாள் இரண்டும் என் கண்ணுக்கு முன்னால் ஒன்றாக நின்றன. அந்தத் தாள் அவள் கைக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுந்து சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று பேச என்னால் ஆகாது.

முந்தின நாள் விடைகளை நினைவிலிருந்து எழுத மனசு வரவில்லை. ஒவ்வொன்றையும் ஓரத்தில் புதிதாகப் போட்டேன். ஒன்பதாவது கணக்கில் ஏழு வந்தது. மறுபடியும் போட்டேன், ஏழுதான். மூன்று டப்பா, ஒவ்வொன்றிலும் இரண்டு ரிஜெக்ட் என்றால் மொத்தம் ஆறு ரிஜெக்ட். நேற்று நான் வெறும் இரண்டை மட்டும் எடுத்திருந்தேன். ஏழில் டிக் போட்டேன். உடனே வந்த நினைப்பு, ஐயோ அக்கா ஐந்து போட்டுவிடுவாளே என்பதுதான். அப்போதும் அவளுக்காகத்தான் பதறினேன்.

புதன்கிழமை ஷிப்டு நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். ஆள் எடுக்கிற பர்சனல் ஆபீசர் மெட்ராஸ்காரர், சின்ன வயது, மரியாதையாகப் பேசுவார். எங்கள் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். மேஜையில் ஒரு ஜெராக்ஸ் தாள். பெண்கள் கழிவறையில் கிடந்ததாம். உருண்டை உருண்டையான எழுத்து, விடைகளைச் சுற்றி வட்டம். அதன் பக்கத்தில் நான் எழுதிய பழைய சிலிப்புகளை வைத்திருந்தார் சூப்பர்வைசர். வேறு சாட்சி வேண்டியதில்லை.

"பதினோரு பேர் ஒன்பதாவது கணக்குக்கு ஒரே மாதிரி தப்பா அஞ்சுன்னு டிக் பண்ணியிருக்காங்க" என்றார் ஆபீசர். "இந்தத் தாள்லயும் அஞ்சு. ஆனா உங்க பேப்பர்ல சரியா ஏழு. எப்படிம்மா?"

"தாள்ல தப்பாப் போட்டுட்டன் சார்" என்றேன்.

அக்காவையும் கூப்பிட்டார்கள், ஒரே லைன், ஒரே பஸ் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் பேப்பரில் பதினான்கு சரி. ஒன்பதாவதை வெறுமனே விட்டிருந்தாள்.

"இதை மட்டும் ஏன் விட்டீங்க?"

"சந்தேகமா இருந்துச்சு சார். விட்டுட்டன்."

அவளுக்கு அது தப்பு என்று தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை.

"இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு யாரும்மா கொடுத்தாங்க?" என்று ஆபீசர் என்னைக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் தோளில் கை வைத்தாள். "சொல்லும்மா, பயப்படாத. யாரு குடுத்தாங்கன்னு நீயே சொல்லிடு" என்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பூட்டைப் பற்றிப் பேசிய அதே குரல். இவள் முன்னால் இவள் பேரை எப்படிச் சொல்வது?

ஆபீசர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "எத்தனாவது படிச்சிருக்கீங்க?" என்றார்.

"அஞ்சாவது."

சூப்பர்வைசர் லேசாகச் சிரித்தார். அக்கா அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டாள். "அதான் சார். இவளுக்கு என்னா தெரியும்? எவளோ சொல்லியிருப்பா, இவ அப்படியே எழுதியிருப்பா. கையெழுத்து அழகா இருக்குதுன்னு எல்லாருந்தான் எழுதச் சொல்லுவாங்க."

ஆபீசருக்கும் அது பிடித்திருந்தது. என்னிடம் நிதானமாகச் சொன்னார்: "பாருங்கம்மா, உங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் போடத் தெரியாது, யாரோ சொன்னதை எழுதினீங்கன்னு ஆனா, நான் உங்களை எதுவும் செய்ய மாட்டேன். டெம்பரரியா அப்படியே இருக்கலாம். தெரியும்னா, அந்த விடையெல்லாம் நீங்களே போட்டுக் கொடுத்ததுன்னு ஆயிடும். அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல." ஒரு வெள்ளைத் தாளில் புதுக் கணக்கு ஒன்றை எழுதி என் பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார். "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அக்கா தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. விரல்கள் அழுந்தின. சொல்லு என்கிற அழுத்தம். ஒரே வார்த்தை. எனக்குப் பேச்சு வராது என்பது ஊருக்கே தெரியும். பேசாமல் நின்றிருந்தால்கூடத் தெரியாது என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் கணக்கைப் பார்த்தேன். ஐந்து டப்பா, ஒன்பது ரிஜெக்ட். அந்தப் பக்கம் இரண்டு டப்பா, உதிரி பதினெட்டு. அத்தனை சுலபமான கணக்கு. அதைப் பார்த்துக்கொண்டே தெரியாது என்று எப்படிச் சொல்வது? பேனாவை எடுத்தேன். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு டப்பாவை எடுத்தேன். ரிஜெக்ட்டைத் திருப்பிப் போட்டேன். மூன்று எக்ஸ் இருபத்தேழு. எக்ஸ் ஒன்பது. வட்டம் போட்டேன். யாரும் கேட்காமலே, ஒன்பதைத் திருப்பி வைத்து இரண்டு பக்கமும் முப்பத்தாறு வருகிறது என்றும் எழுதிக் காட்டினேன்.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. ஆபீசர் தாளை எடுத்து வெகு நேரம் பார்த்தார். "சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார், வருத்தமாக. அக்காவின் கை எப்போது என் தோளிலிருந்து போனது என்று தெரியவில்லை.

அன்றே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பதினோரு பேருக்கு மறுபடியும் டெஸ்ட் வைத்தார்கள். அக்காவுக்கு மறு டெஸ்ட் தேவைப்படவில்லை. அவள் பர்மனென்ட் ஆனாள்.

சாயங்காலம் ஷிப்டு விட்டு வந்ததும் அவள் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். அழுதிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உள்ளே வந்து நின்றதும் என்னைத் திட்டத் தொடங்கினாள்.

"ஏன்டி போட்ட? உனக்குப் பைத்தியமா? அவரே வழி காட்டுறாரு, நானும் எத்தன எடுத்துக் குடுத்தன். தெரியாதுன்னு சொல்லிட்டு வர்றதுக்கு என்னா கேடு உனக்கு?"

நான் அலமாரியிலிருந்த நோட்டைப் பார்த்தேன்.

"உனக்கு ஒரு கெடுதலும் வராதுன்னுதான் உன்ன எழுத வச்சன். வேற எவ கையெழுத்தா இருந்தாலும் மாட்டியிருப்பா. அஞ்சாவது படிச்சவ இந்தக் கணக்கப் போட்டான்னு எவன் நம்புவான்? அத நெனச்சுத்தான்டி..."

வழக்கம்போல நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மீதியை நான் சொல்ல வேண்டும். எனக்குள் வேறொன்றுதான் ஓடியது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. நாலு மாதம், தினமும்.

"நீயுமா நம்பலக்கா?" என்று கேட்டேன்.

அக்கா அதை எதிர்பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள், அவளுக்கா வார்த்தை இல்லை என்று காத்திருந்தேன். பொய்யாகவாவது ஒன்று சொல்லியிருக்கலாம்.

"நீ தனியா போட்டுடுவேன்னு நான் நெனக்கவே இல்ல புள்ள" என்றாள்.

நான் பார்த்து, முக்கியமான இடத்தில் அவள் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தது அந்த ஒரு தரம்தான். அதில் பொய்யும் இல்லை. மற்றதையெல்லாம் நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், அந்த வாக்கியத்தை மட்டும் முடியவில்லை.